காத்திருக்கும் செலவு



நம் ஊர்ப் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல், சுமையை அதன்மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இளைப்பாறலாம். பெரும்பாலும், வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் நட்டுவைத்த கல் அது. சிலவற்றில் பெயர்கூட வெட்டியிருக்கும். இந்த ஒரு சாவுக்கென்றே தனியாக ஒரு கல் நடும் வழக்கம் ஊர் ஊராக இருந்தது என்றால், அந்தச் சாவு எத்தனை வீடுகளில் நடந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்மைக் காலக் கணக்கைச் சொல்கிறேன். 2018–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 54 தாய்மார்கள் இறந்தார்கள். 2001–03-இல் இது 134 ஆக இருந்தது. அதே 2018–20-இல் நாடு முழுவதற்குமான கணக்கு 97. கேரளத்தில் 19, அசாமில் 195. நாடு ஒன்று, மருந்து ஒன்று, மருத்துவப் படிப்பும் ஒன்று. அப்படியிருந்தும் கேரளத்துப் பெண்ணைவிட அசாமியப் பெண்ணுக்குப் பிரசவத்தில் பத்து மடங்கு ஆபத்து இருந்தது. இந்த வித்தியாசத்தில் அரசு செலவழிக்கும் பணத்துக்கு எவ்வளவு பங்கு? பங்கு உண்டென்றால், எதற்குச் செலவழிக்கும் பணத்துக்கு? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். 1999-இல் டியோன் ஃபில்மர், லான்ட் பிரிட்செட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாடுகளின் புள்ளிவிவரங்களை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தை இறப்பில் நாட்டுக்கு நாடு காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை வருமானம், அதன் பங்கீடு, பெண்களின் படிப்பு போன்ற காரணங்களே விளக்கிவிடுகின்றன, அரசின் சுகாதாரச் செலவுக்கென்று மிஞ்சுவது அநேகமாக ஒன்றுமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. சுகாதாரத்துக்கு நிதி கேட்கும்போதெல்லாம், கொடுக்க மனமில்லாதவர்கள் இந்த வாதத்தை எடுத்து முன்னால் வைக்கிறார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து பொருளியலாளர் சோனியா பலோத்ரா இந்தியாவின் பெரிய மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதே கேள்வியை ஆராய்ந்தார். எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தந்த ஆண்டுச் செலவை அந்தந்த ஆண்டுச் சிசு மரணத்தோடு ஒப்பிட்டபோது அவருக்கும் ஒன்றும் தென்படவில்லை. கிராமத்துக் குடும்பங்களைத் தனியே பிரித்து, செலவுக்கும் விளைவுக்கும் நடுவே சில ஆண்டு இடைவெளி விட்டுப் பார்த்தபோது, செலவு கூடிய இடத்தில் மரணம் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் சேர்த்தே படிக்கிறேன். செலவு என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டுக் கூட்டினால் உண்மை அதற்குள் ஒளிந்துகொள்கிறது. தலைநகரில் கட்டும் பளிங்குக் கட்டடமும் செலவுதான், மலையடிவாரத்து நர்ஸின் சம்பளமும் செலவுதான். கூட்டல் கணக்குக்கு இரண்டும் ஒன்று. பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு ஒன்றாகுமா?

பிரசவத்தில் பெண்கள் எப்படி இறக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்தப் பணம் உயிர் காக்கும் என்று தெரியும். குழந்தை பிறந்தபின் கட்டுக்கடங்காமல் போகும் உதிரப்போக்கு, ரத்தக் கொதிப்பு ஏறி வரும் வலிப்பு, சீழ்பிடித்த காய்ச்சல் ஆகியவை முக்கியமான காரணங்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் உதிரப்போக்கு சராசரியாக இரண்டே மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். வலிப்பு இரண்டு நாள் அவகாசம் தரும், சீழ்க் காய்ச்சல் ஆறு நாள் தரும். யாருக்கு உதிரம் நிற்காமல் போகும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஒன்பது மாதமும் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்த பெண்ணுக்கும் நேரலாம். ஆகவே, யாருக்கு வேண்டுமானாலும், எந்த ராத்திரி வேண்டுமானாலும், இரண்டு மணி நேரத்துக்குள் எட்டுகிற உதவி காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருப்பதற்குத்தான் பணம் வேண்டும். தீயணைப்பு நிலையத்து வண்டி பெரும்பாலான நாட்கள் சும்மாதான் நிற்கிறது. அதற்காக அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ஆரம்ப சுகாதார நிலையமான பி.எச்.சி.யில் மூன்று ராத்திரி பிரசவமே நடக்கவில்லை என்றால் மட்டும் தணிக்கைக் குறிப்பில் "பயன்பாடு குறைவு" என்று எழுதிவிடுகிறோம்.

ஒரு ராத்திரியை உங்கள் கண்முன் வைக்கிறேன். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு பி.எச்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி இரண்டு. குழந்தை பிறந்து அழுதாயிற்று, நஞ்சும் விழுந்தாயிற்று. கர்ப்பப்பை மட்டும் சுருங்கவில்லை, கல்போல இறுக வேண்டியது தொளதொளவென்று கிடக்கிறது. ரத்தம் நிற்காமல் போகிறது. ஸ்டாஃப் நர்ஸ் ஒரு கையால் வயிற்றைப் பிசைந்துகொண்டே, ஆயாவை அனுப்பி ஃப்ரிட்ஜிலிருந்து ஆக்சிடோசின் ஊசி மருந்தை எடுத்துவரச் சொல்கிறார். சலைன் ஏறுகிறது. 108-க்குப் போன் போகிறது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள், உதிரப்போக்கால் அதிர்ச்சி நிலைக்குப் போகாமல் காக்கும் இறுக்க உடையைக் கால் முதல் வயிறு வரை சுற்றுகிறார்கள். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் அவசரச் சிகிச்சை தரும் சீமாங்க் மையத்துக்கு வண்டி பறக்கிறது. அங்கே மகப்பேறு மருத்துவர் இருக்கிறார், மயக்க மருந்து கொடுப்பவர் இருக்கிறார், அந்தப் பெண்ணின் வகை ரத்தமும் இருக்கிறது. விடிகிற நேரத்துக்கு அவள் கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்கிறாள்.

இதில் எங்கெல்லாம் அரசுப் பணம் இருக்கிறது என்று பாருங்கள். ஆக்சிடோசின் வெயிலில் வீரியம் இழக்கும் மருந்து, குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓட மாற்று ஏற்பாடு வேண்டும், அதற்கு டீசலோ பேட்டரியோ வாங்க வேண்டும். மருந்து போலியாக இல்லை என்று சோதித்து வாங்கியிருக்க வேண்டும். நர்ஸ் விழித்திருக்க வேண்டும். ஒருவர் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டுமானால் எட்டு எட்டு மணி நேரமாக மாற்றிக்கொள்ள மூன்று பேர் பணியில் இருக்க வேண்டும், ஒருவர் லீவு போட்டாலும் சமாளிக்க வழி வேண்டும். ஆம்புலன்ஸ் டிரைவருக்குச் சம்பளம், ரத்த வங்கிக்கு ஆள், மயக்க மருந்து நிபுணருக்கு வேலை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற அத்தனை செலவும் அவளுக்கு உதவாமல் போகிறது. சுகாதாரச் செலவைக் கூட்டியும் பலன் காணாத இடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான் என்பது என் கருத்து.

விலை மலிவான கருவி வந்தாலும் கதை இதுவேதான். 2023-இல் நைஜீரியா, கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வின் முடிவு வெளியானது. பிரசவித்த பெண்ணுக்கு அடியில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, போகும் ரத்தத்தைக் கண்ணால் அளந்து, அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கியதில் கடுமையான பாதிப்புகள் 60 விழுக்காடு குறைந்தன. விரிப்பின் விலை அற்பம். பிரசவமான முதல் ஒரு மணி நேரம் அந்தக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்தால்தான் அந்த விரிப்பு வேலை செய்யும்.

இலங்கைக்கு வருகிறேன். 1930-களில் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2020 வாக்கில் அது 30-ஐ ஒட்டி நின்றது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1931-இல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. வாக்கு கேட்டுப் போகிறவர், தாய்மார்களுக்கு என்ன செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 1951-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கினார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் ஆள் இருந்தார். அவர்தான் மருத்துவமாது. சுமார் 3,000 பேர் வாழும் பகுதிக்கு ஒருவர். பயிற்சி பெற்றவர், அரசுச் சம்பளக்காரர், அந்தப் பகுதியிலேயே இருப்பவர். கர்ப்பிணியை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், கிளினிக்குக்கு வரவில்லையென்றால் தேடிப் போவார், பிரசவத்துக்குப் பிறகும் வீட்டு வாசலில் நிற்பார்.

இலங்கையும் மலேசியாவும் இதற்கு எவ்வளவு செலவழித்தன என்று 2003-இல் உலக வங்கி ஒரு நூல் வெளியிட்டது. தாய்சேய் நலத்துக்கு இரு நாடுகளும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.4 விழுக்காட்டுக்கும் குறைவு. ஏழை நாட்டில் கூலி குறைவு, மருத்துவம் ஆட்களை வைத்துச் செய்யும் வேலை, அதனால் பணக்கார நாடாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே தீவில் பணம் போய்ச் சேராத இடம் ஒன்றும் இருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயங்கள் என்னும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களின் பிரசவமும் பிள்ளைகளின் உடல்நலமும் தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்டிருந்தன. நாட்டின் சிசு மரணம் வேகமாக இறங்கிய காலத்திலும் தோட்டத்துப் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் அதிகமாகவே இறந்தார்கள். 1970-களில் தோட்டங்கள் தேசியமயமானபின்னும் தோட்ட மருத்துவமனைகள் அரசுச் சுகாதாரத் துறைக்குள் வந்துசேர நீண்ட காலம் பிடித்தது. இலங்கையின் சாதனையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். நாட்டின் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும், கொழுந்து பறித்த பெண்ணுக்கு அது பங்கு தரவில்லை.

2022-இல் அந்த நாடு கடனில் மூழ்கியபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் 1970-கள் முதல் கொடுத்துவந்த திரிபோஷ சத்துமாவு கிடைக்காமல் போனது. பெட்ரோல் இல்லாமல் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போவதும் தடைப்பட்டது. பல பத்தாண்டுகளாகக் கட்டியதும் அன்றாடம் பணம் வந்தால்தான் ஓடும்.

நம் மாநிலத்தில் என்ன நடந்தது? 1939-லேயே சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நோய் வந்தபின் பார்க்கும் மருத்துவத்துக்கு ஒரு துறை, வராமல் தடுக்கும் சுகாதாரத்துக்கு வேறொரு துறை என்று இங்கே தனித்தனி இயக்குநரகம் இருப்பதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். தடுப்புப் பணிக்கான பணத்தைப் பெரிய மருத்துவமனைகள் விழுங்கிவிடாமல் காத்தது அந்தப் பிரிவினைதான். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்கிலிருந்து, ஒதுக்கீட்டைப் பதியும் பாஸ்புக் கணக்கில் பி.எச்.சி.க்கு மருந்து போகும் முறை வந்தது. 2000-களில் பி.எச்.சி.களில் மூன்று நர்ஸ்களை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கினார்கள். அரசுப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கியதால், படித்துவிட்டுத் திரும்பி வரும் மகப்பேறு மருத்துவர்களும் மயக்கவியல் மருத்துவர்களும் மாவட்டங்களுக்குக் கிடைத்தார்கள். இடையில் அந்த ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்து, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு மாநிலத்தின் உரிமையை உறுதி செய்தது. தாய் உயிர் காத்த தீர்ப்புகளில் ஒன்றாகவே அதை நான் எண்ணுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டடத்தைவிட, மருந்தைவிட மேலாக நான் மதிப்பது அது. இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரிக்கும் வழக்கம் 1990-களில் இங்கே தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர் தகவல் கொடுக்கிறார். இறந்தவளின் வீட்டுக்குப் போய் நடந்ததைக் கேட்டு எழுதுகிறார்கள். கலெக்டர் முன்னிலையில் கூட்டம் நடக்கிறது, குடும்பத்தார் வந்து உட்காருகிறார்கள். கேள்விகள் எல்லாம் கடிகாரத்தைப் பற்றியவை. வலி எத்தனை மணிக்குக் கண்டது? 108 எத்தனை மணிக்கு வந்தது? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதற்கும் முதல் ஊசி போட்டதற்கும் நடுவே எத்தனை நிமிஷம்? ரத்தம் இல்லையென்றால், ஏன் இல்லை? இந்தக் கூட்டத்துக்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவுதான். ஆனால் அறுந்த கண்ணி எது என்று சொல்வதால், அடுத்த ரூபாய் எங்கே போக வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

கையில் பணமாகக் கொடுப்பது பற்றிக் கேட்பீர்கள். 2005-இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டம் மருத்துவமனையில் பிரசவித்தால் பணம் என்றது. நாடு முழுவதும் 2005–06-இல் 38.7 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவம் பத்தே ஆண்டில் 78.9 ஆனது. பெண்கள் வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் ரத்தமும் ஆளும் தயாராக இல்லாத மாநிலங்களில், பிரசவம் இடம் மாறிய வேகத்துக்கு மரணம் குறையவில்லை என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் கூறின. நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி வேறு நோக்கத்தோடு பிறந்தது. கூலி வேலைக்குப் போகும் பெண் நிறைமாதத்தில் வேலையை விட்டால் வரும் இழப்பை ஈடுகட்டவும், அவள் நன்றாகச் சாப்பிடவும் கொடுக்கும் பணம் அது. இப்போது 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நான் இதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதைக் காட்டியது. ரத்தம் குறைந்த உடம்பு கொஞ்சம் உதிரப்போக்கைக்கூடத் தாங்காது. ஆகவே அந்த நிதியுதவியின் தவணை, பிள்ளைக்கு மொட்டை போடும்போது வந்து சேர்ந்தால் பயனில்லை. அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வர வேண்டும்.

காப்பீட்டை விரிப்பதே வழி என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். காப்பீடு நடந்த சிகிச்சைக்குப் பணம் தரும். எதுவும் நடக்காத ராத்திரியில் விழித்திருந்த நர்ஸுக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பணம் தராது. செய்த சிகிச்சைக்கு மட்டும் காசு என்றால் சிகிச்சை பெருகும். அதே 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36. பணம் அதிகமாகப் போனால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு: பணக்கார நாடுகளிலேயே அதிகமாக, தன் உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடும் அமெரிக்காவில் 2021-இல் லட்சத்துக்கு 32.9 தாய்மார்கள் இறந்தார்கள். கறுப்பினப் பெண்களில் 69.9.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28. தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடிநீரும் அம்மாவின் படிப்பும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்த 13-இல் 9 பேர் பிறந்து நாலு வாரத்துக்குள் இறந்தவர்கள். குறைமாதக் குழந்தைகள், மூச்சு எடுக்கத் திணறியவர்கள், கிருமி தாக்கியவர்கள். இவர்களைக் காப்பாற்றத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறை வேண்டும், மூச்சுக் கருவி வேண்டும், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஒவ்வொரு குழந்தையையும் மணிக்கு மணி பார்க்கும் நர்ஸ் வேண்டும். ஒரு நர்ஸ் கையில் எத்தனை தொட்டில்கள் என்பதுதான் இனி சிசு மரணக் கணக்கைத் தீர்மானிக்கப் போகிறது. இதுவரை இறங்கியது மலிவாக இறங்கியது. மிச்சமிருப்பதற்கு ஆள் வேண்டும், கூடுதல் பணம் வேண்டும்.

அந்த ஆட்களை நாம் எப்படி நடத்துகிறோம்? 2017 நவம்பரில், சென்னையில் சுகாதாரத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் நர்ஸ்கள் தரையில் உட்கார்ந்து போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தேர்வெழுதி வந்தவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். தாய்மார் உயிரைக் காத்த திட்டம் என்று நாம் மேடைக்கு மேடை பெருமை பேசும் ஒன்றை அவர்களுடைய தூக்கத்தையும் குறைந்த சம்பளத்தையும் வைத்துத்தான் நடத்தினோம். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்க வேண்டும். 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை எட்டும் என்றது. 2021–22-இல், அதுவும் கொரோனாவுக்காகச் செலவு கூடிய காலத்தில், எட்டியது 1.84.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த முறை கூடும்போது நீங்கள் எழுந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். நம் பி.எச்.சி.யில் இரவுப் பணிக்கு நர்ஸ் எத்தனை பேர், அதில் நிரந்தரப் பணியில் எத்தனை பேர்? கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓடுமா? நமக்குரிய சீமாங்க் மையத்தில் இந்த மாதம் மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் இல்லாத ராத்திரிகள் எத்தனை? மகப்பேறு நிதியின் தவணைகள் பிரசவத்துக்கு முன்னால் வந்தனவா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதையே எழுத்தில் கேளுங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.